பதினோரு ஓம் பிரகாஷ்கள்

டில்லியில் நான் பேசிய முதல் இந்தி வாக்கியத்தைக் கேட்டு ஒரு பஸ் கண்டக்டர் சீட்டிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "அருள்கூர்ந்து கூறுவீராக, இவ்வூர்தி மோதி பாக் நோக்கிச் செல்லுமா?" என்கிற மாதிரி ஏதோ கேட்டிருக்கிறேன். கோயமுத்தூரில் டியூஷன் வைத்துப் படித்துப் பரீட்சை எழுதிய இந்தி அது. கண்டக்டர் உள்ளே திரும்பி, "நகருங்கள், ரேடியோச் செய்தி ஏறியிருக்கிறது!" என்று கத்தினார். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு உட்கார இடமும் கிடைத்தது.

மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. பக்கத்து சீட்டு அம்மாள் அதில் லட்டு இருக்கிறதா என்று கேட்டார். பிளாப்பி இருந்தது. கறுப்பு உறை போட்ட, சதுரமான, அப்பளம் மாதிரி வளையும் தகடுகள் பன்னிரண்டு. எட்டு மாதம் உட்கார்ந்து நான் எழுதிய புரோகிராம் அவற்றில் இருந்தது. "ஆபீஸ் சாமான்" என்றேன். அந்த அம்மாளுக்கு ஏமாற்றம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. எங்கள் கம்பெனி கோயமுத்தூரில் மோட்டார் பம்புக் கடை ஒன்றுக்கு மேலே இரண்டு அறையில் இருந்தது. மொத்தம் நான்கு பேர். மில்களுக்கு ஆள் கணக்கும் வருகைப் பதிவும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்போம். பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, ஆறு மாதம் கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்துவிட்டு, விவரங்களைத் தட்டச்சு செய்யும் ஆபரேட்டராகத்தான் அங்கே சேர்ந்தேன். முதலாளி நடராஜன் சார் எழுதும் புரோகிராம்களில் தப்புக் கண்டுபிடிக்கத் தொடங்கினேன். பிறகு நானே எழுதத் தொடங்கினேன்.

கோயமுத்தூரில் வேலை பார்த்து எங்கள் புரோகிராமைப் பார்த்திருந்த மாத்துர் மேடம் என்ற அதிகாரி, மாற்றலாகி டில்லிக்குப் போனார். அங்கே அரசு ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் ஓர் அலுவலகம் அவர் கைக்கு வந்தது. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வீட்டுக்காகக் காத்திருந்தார்கள். சீனியாரிட்டி வரிசை ஒரே ஒரு ரிஜிஸ்டரில் இருந்தது. அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா என்று எங்களைக் கேட்டு எழுதினார். மாதிரிக்கு இருபது விண்ணப்பங்கள் தபாலில் வந்தன. அவற்றை வைத்துப் புரோகிராம் எழுதினோம். புறப்பட வேண்டிய வாரத்தில் நடராஜன் சாருக்கு மஞ்சள் காமாலை.

"எழுதுனது நீதான. நீயே போயிட்டு வா, விஜயா" என்றார் படுத்தபடி. "கான்ட்ராக்ட்ல கையெழுத்து வாங்கிட்டு வந்தீன்னா நாம நாலு பேரும் நிப்போம். இல்லீன்னா மறுபடியும் மில்லுக்கு மில்லு கதவு தட்டோணும்."

அப்படித்தான் இருபத்துமூன்று வயதில், பக்கத்து ஊர் வீரபாண்டியைத் தாண்டித் தனியாகப் போயிராத நான் டில்லிக்கு வந்து சேர்ந்தேன்.

மோதி பாக்கில் என் பெரியம்மா மகள் சரசு அக்காவின் அரசுக் குவார்ட்டர்ஸ். கதவைத் திறந்ததும், "ஜல்தி உள்ள வா கண்ணு, லூ அடிக்குது" என்று இழுத்துக் கதவைச் சாத்தினாள். லூ என்பது அங்கே வெயில் காலத்தில் அடிக்கும் அனல் காற்று. கோயமுத்தூர்க் காற்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். இந்தக் காற்று அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அறைந்தது. சுட்ட மாங்காயைப் பிசைந்து, சீரகமும் கறுப்பு உப்பும் போட்டு ஒரு தம்ளர் பன்னா கொடுத்தாள். முதல் வாய்க்கு முகம் சுளித்தேன். மூன்றாவது தம்ளரை நானாகக் கேட்டு வாங்கினேன்.

அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோ. பெரிய குவார்ட்டர்ஸுக்கு அவரும் எழுதிப் போட்டிருந்தார். "ஏம்மா, உன்ற மிஷின்ல என்ற பேரு எத்தனாவது?"

"அத மட்டும் கேக்காதீங்க மாமா."

"அச்சா, அச்சா. சும்மா கேட்டேன்" என்று சிரித்தார். அவருடைய எட்டு வயது மகள், "அப்பா சும்மா இல்லே, சச்சி கேட்டாங்க" என்றாள். உண்மையாகத்தான் கேட்டாராம்.

திங்கட்கிழமை லோதி ரோடு பக்கம் இருந்த அலுவலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏ.சி. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ரிஜிஸ்டரைப் பன்னிரண்டு வருடமாக எழுதிவரும் சூப்பரின்டெண்டென்ட் மல்ஹோத்ரா, அதைச் சிவப்புத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புரோகிராமர் சாப் எப்போது வருகிறார்?"

"வந்தாயிற்று."

"எங்கே?"

"நான்தான்."

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு பக்கத்து மேஜைக்காரரிடம், நான் கேட்கிற மாதிரியே சொன்னார்: "நம் மூவாயிரம் பேரின் தலையெழுத்தும் ஒரு முறுக்கு டப்பாவில் வந்திருக்கிறது."

அந்த டப்பாவுக்கு மறுநாள் ஒரு கண்டம் வந்தது. பஸ் தவறிப்போய் ஒரு பட்பட்டியில் ஏறினேன். பழைய பெரிய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பெட்டி கட்டி ஆறேழு பேரை அடைத்துக்கொண்டு, தெருவையே அதிரவைத்துப் போகும் வண்டி அது. வழியில் ஒருவர் கல்யாண வீட்டுக்கு என்று ஒலிபெருக்கி ஒன்றை அணைத்துக்கொண்டு ஏறி, என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். ஒலிபெருக்கிக்குள் பெரிய காந்தம் இருக்கும். காந்தம் பட்டால் பிளாப்பியில் உள்ளது அத்தனையும் போச்சு. என் பரீட்சை இந்தியில் காந்தத்துக்குச் சொல் வரவில்லை. "தூரம்! தூரம்!" என்று அலறிக்கொண்டே டப்பாவை வண்டிக்கு வெளியே கை நீளும் மட்டும் நீட்டினேன். ஓட்டிக்கொண்டிருந்த சர்தார்ஜி பயந்து வண்டியை ஓரம் கட்டினார்.

"என்ன மகளே, பாம்பா?"

"இல்லை ஜி. என் எட்டு மாத வேலை."

அவருக்கு என்ன புரிந்ததோ, ஒலிபெருக்கிக்காரரை இறக்கி முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அலுவலகம் வரை அந்த மனிதர் திரும்பித் திரும்பி என் டப்பாவைச் சந்தேகமாகப் பார்த்தபடியே வந்தார். போனதும் பன்னிரண்டு பிளாப்பியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் பிழைத்திருந்தன.

விவரங்களை ஏற்ற ஹர்பன்ஸ் கௌர் என்ற ஆபரேட்டரைக் கொடுத்திருந்தார்கள். என் வயது. நான் வருவதற்கு முன்பே, கோயமுத்தூரிலிருந்து அனுப்பிய படிவத்தின்படி எல்லாரையும் ஏற்றி முடித்திருந்தாள். புதன்கிழமை என் புரோகிராமை ஓட்டினோம். பிரிண்டர் கரகரவென்று பட்டியலைத் துப்பியது. மல்ஹோத்ரா அதை வாங்கி, விதிப்படி நோட்டீஸ் போர்டில் மாட்டினார். அடுத்த திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் முன்னிலையில் சோதனை. அதற்குப் பிறகு கையெழுத்து. ஹர்பன்ஸும் நானும் வாசலில் நின்று சோளே பட்டூரா சாப்பிட்டோம். கால்பந்து மாதிரி உப்பிய பட்டூராவைக் குத்தி உடைத்தபோது, டில்லியை ஜெயித்துவிட்டதாகவே எனக்கு நினைப்பு.

வியாழக்கிழமை மத்தியானம் ஒருவர் வந்தார். சைக்கிளில் வந்த வியர்வையோடு கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றார். ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்புகளைத் தைத்துக் கட்டும் வேலை அவருக்கு. பெயர் ஓம் பிரகாஷ்.

"மேடம்ஜி, உங்கள் இயந்திரத்துக்கு என்மேல் என்ன கோபம்?"

பதினான்கு வருடமாக வரிசையில் இருக்கிறாராம். யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரே அறையில் மனைவி, மூன்று குழந்தைகளோடு இருக்கிறார். போன வருடம் இந்த ரிஜிஸ்டரில் தன் பெயரைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். போர்டில் இல்லை.

திரையில் தேடிக் காட்டினேன். ஓம் பிரகாஷ் இருந்தார். "அது வேறு அலுவலகம், வேறு ஓம் பிரகாஷ்" என்றார். அடுத்ததைக் காட்டினேன். "அதுவும் நான் இல்லை." மொத்தம் நான்கு. நான்கும் அவர் இல்லை. வெளியே தன் மேஜையில் மல்ஹோத்ரா சிவப்புத் துணியை அவிழ்த்து ரிஜிஸ்டரைப் புரட்டி, விரல் விட்டு எண்ணினார். பதினொன்று.

"ஏழு பேர் எங்கே?" என்று கேட்டார். குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த நிமிடமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. எங்கள் மில்களில் ஒரே ஆளின் பெயர் இரண்டு தரம் ஏறிவிடும். அதைத் தடுக்க ஒரு விதி எழுதியிருந்தேன்: பெயரும் வேலையில் சேர்ந்த தேதியும் ஒன்றாக இருந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடு. எங்கள் ஊரில் ஆர். பழனிசாமியும் கே. பழனிசாமியும் இனிஷியலால் பிரிந்து நிற்பார்கள். இங்கே இனிஷியல் கிடையாது. விண்ணப்பத்தில் அப்பா பெயருக்குத் தனிக் கட்டம் இருந்தது. இனிஷியல்தான் இருக்கிறதே என்று கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கட்டத்தை வேண்டாமென்று விட்டவள் நான்தான். ஒரே நாளில் கூட்டமாக வேலைக்கு எடுத்த ஓம் பிரகாஷ்களை என் புரோகிராம் ஒரே ஆளாக்கி, மற்றவர்களை அழித்திருந்தது. ராம் குமார்கள் எத்தனை பேர் போனார்களோ!

டிரங்க் கால் போட்டு நடராஜன் சாரிடம் சொன்னேன்.

"ஏனம்மா, கேட்டு வந்த அந்த ஒருத்தரை மட்டும் சேத்திப்போட்டு, திங்கக்கெழமை கையெழுத்து வாங்கீரு. மத்ததப் பொறகு பாத்துக்கலாம்."

"அவரு வந்து கேட்டாருங்க சார், தெரிஞ்சுது. கேக்காதவங்க என்ன பண்ணுவாங்க?"

"விஜயா, கம்பெனி நெலம உனக்குத் தெரியும்."

"தெரியுங்க சார்."

லைன் அறுந்துவிட்டது. அன்று அக்கா செய்த ராஜ்மா சாதம் எனக்கு இறங்கவில்லை. "உடம்பு செரியில்லியா கண்ணு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாத்துர் மேடம் அறைக்குப் போய் நின்றேன். நான் செய்த தப்பை, அது எப்படி நடந்தது என்பதோடு, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். மல்ஹோத்ரா சுவரோரம் நின்றிருந்தார். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"இதை நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா?"

"தெரிந்திருக்காது மேடம். அவர்கள் ஏழு பேருக்குத் தெரிந்திருக்கும்."

"எத்தனை நாள் வேண்டும்?"

"ஒரு வாரம்."

"அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. அன்றைக்கும் சரியாக இல்லையென்றால், ரிஜிஸ்டரே போதும் என்று எழுதிவிடுவேன்."

மூவாயிரம் பேருக்கு அப்பா பெயர் ஏற்ற வேண்டும். ஹர்பன்ஸுக்கு இரண்டு கைதான். எப்படி முடியும் என்று இருவரும் முழித்துக்கொண்டிருந்தபோது, மல்ஹோத்ரா ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றினார். அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் படிக்கிறேன். நீ அடி" என்றார் ஹர்பன்ஸிடம். என்னைப் பார்த்து, "நீ உன் விதியைத் திருத்து" என்றார்.

அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் காதில் அந்தக் குரல்தான் கேட்கிறது. "ஓம் பிரகாஷ், தகப்பனார் பெயர் ஹர்தயாள். ஓம் பிரகாஷ், தகப்பனார் பெயர் சோகன் லால். இந்த சோகன் லால் தபால்காரர், நல்ல மனிதர். ராம் குமார், தகப்பனார் பெயர் முராரி." கோவில் அர்ச்சனை மாதிரி போய்க்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் மூவரும் வராந்தாவுக்கு வந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய நீள வெள்ளரிப் பிஞ்சைக் கடிப்போம். மல்ஹோத்ரா வீட்டு ஆலு பராட்டாவுக்கு அக்காவின் புளிசாதம் மாற்று. "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள், கண்ணீர் வருகிறது, நிறுத்தவும் முடியவில்லை" என்று ஹர்பன்ஸ் டப்பாவை வழித்தாள்.

விதியை நான் மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தேன். பெயர், அப்பா பெயர், தேதி மூன்றையும் ஒப்பிடவைத்தேன். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. ஓம் பிரகாஷ் மாதிரி இன்னொருத்தர் வாசலில் வந்து நிற்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? கடைசியில், தள்ளிவிடும் வரியையே எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாத்துர் மேடத்தோடு இரண்டு பெரிய அதிகாரிகள் வந்தார்கள். மூவரும் வெறும் காலோடு வரிசையாக நின்றார்கள். மேடம் மல்ஹோத்ராவைப் பார்த்து, "சோதனை செய்யுங்கள்" என்றார்.

"ஓம் பிரகாஷ்" என்றார் அவர்.

தட்டினேன். திரையில் பச்சை எழுத்துக்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அப்பா பெயர். மல்ஹோத்ரா ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு சத்தமாக எண்ணினார். பதினொன்று.

"ராம் குமார்." எண்ணினார். சரி. இன்னும் ஆறு பெயர்கள். எல்லாம் சரி.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். எனக்குத் தெரியாமல் முந்தின நாள் ஹர்பன்ஸிடம் கொடுத்து ஏற்றவைத்த விண்ணப்பமாம். ஏற்கெனவே வரிசையில் இருக்கும் ஒருவர், பெயரின் எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி இரண்டாம் தரம் போட்டது. "இந்த ஆசாமியை உன் மிஷின் என்ன செய்கிறது, பார்ப்போம்."

ஹர்பன்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். தட்டினேன். இரண்டு வரியும் வந்தன. இரண்டின் முன்னாலும் ஒரு நட்சத்திரம்.

"இது என்ன?" என்றார் ஓர் அதிகாரி.

"சந்தேகம் என்று அர்த்தம் சார். பெயரில் எழுத்து மாறினாலும், அப்பா பெயரும் தேதியும் ஒத்துப்போனால் இது வரும். மிஷின் யாரையும் வெட்டாது. நட்சத்திரம் போட்டு நிறுத்திவிடும். விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்து முடிவு செய்யவேண்டியவர் மல்ஹோத்ரா சார்."

மல்ஹோத்ரா மீசையைத் தடவினார். "இப்போது மிஷினுக்கு மரியாதை தெரிந்துவிட்டது" என்றார்.

அந்த அதிகாரி என்னிடம் எந்த இன்ஜினியரிங் காலேஜ் என்று கேட்டார். பி.எஸ்ஸி. கணக்கு என்றேன். "இதை யார் எழுதியது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மல்ஹோத்ராவே, "இவள்தான் சார். புரோகிராமர்" என்று சொல்லிவிட்டார். மாத்துர் மேடம் அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டார். மாற்றல் உத்தரவுகளையும் இதேபோல் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா, நான் இன்னும் ஒரு மாதம் இருக்க முடியுமா என்றும் கேட்டார். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதுதான் முறை. "முடியும் மேடம்" என்றேன்.

நான் அடித்த தந்தி கிடைத்ததும் நடராஜன் சார் டிரங்க் கால் போட்டார். "ஏனம்மா, நான் ஒரு வேலைக்கு அனுப்புனா நீ ரெண்டு வாங்கியிருக்கறே!" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நா சொன்னத மனசுல வெச்சுக்காத" என்றார். வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஃபோனிலேயே, புதிய வேலைக்கு உதவியாக இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும் என்றும், அவர்களை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்றும் சொன்னேன். "செரீங்க" என்றார். முதலாளி என்னிடம் போட்ட முதல் 'ங்க' அது.

திருத்திய பட்டியல் போர்டில் ஏறியது. மாமா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "உன்னால நான் பத்தொம்போது எடம் கீழ போயிட்டேன்" என்றார். காணாமல் போயிருந்தவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்களே! முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னவர், அன்று பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் ஏறி, "எங்க மச்சினிச்சி போட்ட லிஸ்டு" என்று பெருமையடித்துவிட்டு வந்ததாக அக்கா சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓம் பிரகாஷ் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். ஹர்தயாளின் மகன். மோதி பாக்கிலேயே, மூன்று வரிசை தள்ளி அவருக்கு வீடு ஒதுக்கியிருந்தார்கள். கட்டாயம் சாப்பிட வரவேண்டும் என்றார்.

போனேன். சாமான் இன்னும் வந்து சேரவில்லை. புதுச் சுண்ணாம்பு வாசனை. தரையில் செய்தித்தாள் விரித்து, அவர் மனைவி பூரியும் உருளைக்கிழங்கும் ரவையில் செய்த சூஜி அல்வாவும் வைத்தார். "இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு" என்று போட்டுக்கொண்டே இருந்தார். பையன்கள் இரண்டு பேரும் முதல் அறையிலிருந்து இரண்டாவது அறைக்கும், அங்கிருந்து முதல் அறைக்கும் கத்திக்கொண்டு ஓடினார்கள். யாரும் அதட்டவில்லை.

சின்னவள் ஓடவில்லை. ஐந்து வயதிருக்கும். இரண்டு அறைக்கும் நடுவே நிலைப்படியில் நின்று, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, இதுவும் நம்முடையதா?"

ஓம் பிரகாஷ் என்னைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றேன். "லிஸ்டில் இருக்கிறது."